சாவி மிதந்தது

(எழுதி, அனுப்பாமல், ட்ரக்கின் டேஷ்போர்டு பெட்டிக்குள் மடித்து வைத்தது)

பைன் ரிட்ஜ், மிசிசிப்பி
அக்டோபர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

டெல்மர் எழுதிக்கொள்வது. நீ சுகமா என்று கேட்கவே வாய் கூசுகிறது. நான் சுகமாக இல்லை.

உன் படகை முழுக்கிவிட்டேன்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் இப்படியே எழுதுகிறேன். ஜெயிலுக்குப் புறப்பட்ட அன்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "எனக்குப் பொண்டாட்டி புள்ள எல்லாம் இதான்டா தம்பி, பாத்துக்க" என்றாய். போன சனிக்கிழமை வரை கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன். படகைக் கரையேற்றியதும் பின்பக்க ஓட்டையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, அந்தப் பித்தளை அடைப்பானைச் சிவப்பு நூலில் கட்டிச் சாவியோடு தொங்கவிடுவது உன் பழக்கம். அடைப்பானைத் தொடாமல் சாவியைத் தொட முடியாது. எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு! நான் பெரிய புத்திசாலி. சாவி தண்ணீரில் விழுந்தால் தொலைந்துபோகுமே என்று, மிதக்கிற வளையம் ஒன்று வாங்கி அதில் சாவியை மாட்டினேன். நூலோடு அடைப்பானைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். படகை இறக்கும்போதும் அது பையிலேயே இருந்தது.

ஓடைவாய் வரைக்கும் போய்விட்டேன், அண்ணா. தூண்டில்களை முன்னால் விரித்துவிட்டு மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் கனத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் கணுக்கால் வரை தண்ணீர். தண்ணீர் இறைக்கிற பம்பு கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கிப்போனது. ஊர்ப் படகுக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, உன் படகு மூக்கை மட்டும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர்களால் என்னை மட்டும்தான் கரைக்கு இழுத்துப் போட முடிந்தது. அன்றைக்கு அடித்த காற்று அதை அணைக்கட்டுப் பாறையில் மோதி மோதி வயிற்றைக் கிழித்துவிட்டது. இப்போது வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. இனி ஒட்டவைக்க முடியாது.

சாவி மிதந்தது. படகுதான் முழுகியது.

இரைக்கடை மிஸ் ஓப்பல் கரையில் நின்று, "அடப்பாவி டெல்மர்! ஹாய்ட் வந்தா உன்னையே உருட்டி அந்த ஓட்டையில செருகிடுவான்டா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு நானும் சிரித்து வைத்தேன்.

இதை உனக்குச் சொன்னால் அங்கே யார் மேலாவது கை வைப்பாய். கை வைத்தால் ஏப்ரல் விடுதலை போய்விடும். "வாய மூடிக்கிட்டு இரு. அவரு கோவம் ஊருக்கே தெரியும். வெளிய வந்த பொறவு சொல்லிக்கலாம்" என்கிறாள் என் வீட்டுக்காரி வெர்னா. அவள் சொல்வது நியாயம். அந்த நியாயம் எனக்கு வசதியாகவும் இருக்கிறது பார், அதை நினைத்தால்தான் என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருக்கிறது.

டெல்மர்


பைன் ரிட்ஜ்
அக்டோபர் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் வெர்னாவும் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அங்கே கொடுக்கிற கம்பளி குளிருக்குத் தாங்குகிறதா?

ஏரியில் தண்ணீரை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். கிராப்பி மீனெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது. மாத ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை உன் படகை இறக்கினேன். ஓடைவாய் வரைக்கும் போனேன். பெரிதாக ஒன்றும் மாட்டவில்லை. சாவிக்கு மிதக்கிற வளையம் ஒன்று வாங்கியிருக்கிறேன். நல்ல வளையம்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
டெல்மர்


நவம்பர் 2

டேய் தம்பி,

கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. கம்பளி கழுதைக்குப் போர்த்துவது மாதிரி இருக்கிறது, ஆனாலும் தூக்கம் வருகிறது. வெர்னாவைக் கேட்டதாகச் சொல்.

வளையமா? என் சாவியில் உனக்கென்னடா வேலை? சரி, நல்லதுக்குத்தான் செய்திருப்பாய்.

என்னை இங்கே தச்சுப்பட்டறையில் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒருத்தன் தினமும் வந்து உரசுகிறான். "ஏய் மீன்காரா, படகுத்துறையில ஒரே குத்தாமே. எங்க, எனக்கு ஒண்ணு குடு பாப்போம்." கை பரபரவென்று வருகிறது. சின்னதாக ஒரு கைகலப்பு என்றாலும் ஏப்ரல் கிடையாது, முழு தண்டனையும் முடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறேன்.

நான் குத்தின அந்த ஆளுக்கு இடது கண் இன்னும் மங்கலாகத்தான் தெரிகிறதாம், வக்கீல் சொன்னார். அவன் துறையை மறித்துக்கொண்டு நின்றான், வாய்க்கு வந்தபடி பேசினான், எல்லாம் வாஸ்தவம்தான். அதற்காக ஒருத்தன் கண்ணையா கெடுப்பது? முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீ என்னைப் பார்க்க வராதே. இந்த உடுப்பில் நீ என்னைப் பார்க்க வேண்டாம்.

நான் வருகிற வாரம் டாக்வுட் மரமெல்லாம் பூத்திருக்கும், கிராப்பி முட்டை போடக் கரைக்கு வந்திருக்கும். அதற்கு முன்னாலேயே ஃப்ரீசரை நிரப்பி வை. வந்த அன்றே சட்டி நிறைய வறுத்து, சோளமாவு உருண்டையும் பொரித்து, தெருவையே கூப்பிட்டுச் சாப்பாடு போடவேண்டும். படகு இருக்கிறது, தூண்டில் இருக்கிறது, உனக்கு வேறென்ன வெட்டி முறிக்கிற வேலை? கிராப்பிக்கு வாய் காகிதம், மறந்துவிடாதே. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து ஓடிவிடும். தூக்கு, இழுக்காதே.

மோட்டார் குளிரில் அடம்பிடிக்கும். எப்படி இருக்கிறதென்று எழுது.

அண்ணன் ஹாய்ட்


பைன் ரிட்ஜ்
நவம்பர் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

வெர்னாவும் நானும் சுகம். உன் சுகத்துக்காக அவள் ஞாயிறுதோறும் ஜெபிக்கிறாள். பையிலிருந்து கையை எடுக்காதே, அண்ணா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மோட்டார் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. சத்தமே இல்லை. ஃப்ரீசரில் கொஞ்சம் மீன் சேர்ந்திருக்கிறது, இன்னும் சேர்ப்பேன்.

ஒரு விஷயம். இங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய கயாக் ஒன்று வாங்கியிருக்கிறார். அதான், ஒரு ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் ஓடம். அதில் தூண்டில்களை விரித்துக்கொண்டு, நம்மைப் போல மெதுவாக ஊர்ந்து ட்ரோலிங் செய்யவேண்டும் என்று ஆசைப்படுகிறார். பாவம், அவருக்குத் தூண்டில்களை எங்கே நிறுத்துவதென்றே தெரியவில்லை. கையில் ஒன்று, தொடைக்கு அடியில் ஒன்று. காற்றடித்தால் ஓடம் சுற்றிக்கொண்டு நூலெல்லாம் சிக்காகிவிடுகிறதாம். நேரம் கிடைத்தால் நாலு வரி எழுது. மனிதர் என்னை நச்சரிக்கிறார்.

உன் தம்பி,
டெல்மர்


டிசம்பர் 11

டேய் தம்பி,

சுகம். குளிர் எலும்பைக் கடிக்கிறது. இங்கே கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடை போடுவார்களாம், பார்ப்போம்.

கயாக்கா! குளிக்கிற தொட்டியில் உட்கார்ந்து கிராப்பி பிடிக்கிற அளவுக்குப் பைன் ரிட்ஜ் கெட்டுப்போய்விட்டதா? அந்த மனிதனுக்கு ஒரு படகு வாங்க வக்கில்லையா, இல்லை வைத்திருந்த படகைத் தொலைத்துவிட்டு நிற்கிறானா? போகட்டும், மீன் பிடிக்கிற ஆசை யாருக்கு இருந்தாலும் நல்லதுதான். சொல்கிறேன், அவனிடம் சொல்.

முழங்காலுக்கு முன்னால் குறுக்கே ஒரு அலுமினியக் குழாய் பூட்டச் சொல். அதில் நான்கு தாங்கி. ஓரத்துக்கு நீளத் தூண்டில், நடுவில் குட்டை. தண்ணீருக்கு மேலே விசிறி விரித்த மாதிரி இருக்கவேண்டும். துடுப்புப் போட்டுக்கொண்டு ட்ரோலிங் செய்ய முடியாது, தூண்டிலெல்லாம் தட்டிக்கொள்ளும். சின்ன பேட்டரி மோட்டார் ஒன்றைப் பின்னால் மாட்டட்டும். பேட்டரியைக் காலடியில் வைக்கவேண்டும், பின்னால் வைத்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும். காற்றுக்கு மருந்து நாய்ச்சங்கிலி. பின்னாலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டே போனால் ஓடமும் திரும்பாது, வேகமும் அடங்கும். வேகம் எவ்வளவு என்றால், நடை பழகுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் நாம் நடக்கிற வேகம். நூல் ரொம்பச் சாய்ந்தால் அதிகம், நேராக நின்றால் குறைவு.

அவன் பெயரென்ன? எழுதவேயில்லையே.

அண்ணன் ஹாய்ட்


(இதுவும் அனுப்பவில்லை, டேஷ்போர்டு பெட்டியில்)

பைன் ரிட்ஜ்
ஜனவரி 6

அண்ணா,

அவன் பெயர் டெல்மர்.

கயாக்கைப் படகுத்துறையில் இறக்க எனக்குத் தைரியம் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறதே, அங்கே இழுத்துக்கொண்டுபோய் இறக்குகிறேன். நம் அப்பா அம்மா கல்லறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தப் பக்கம் திரும்பாமல் போகிறேன்.

நீ சொன்னபடியே குழாய், தாங்கி, பேட்டரி, சங்கிலி எல்லாம் பூட்டினேன். சங்கிலி பக்கத்து வீட்டு நாயுடையது, கேட்டுத்தான் வாங்கினேன். முதல் தடவை இறக்கியபோது ஓடம் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. விசிறி மாதிரி நான்கு நுனியும் ஆடிக்கொண்டு முன்னால் போக, ஓரத்து நுனி மெல்ல அழுந்தியது. இழுக்கவில்லை, தூக்கினேன். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிராப்பி. "அண்ணே, பாத்தியா!" என்று சத்தமாகக் கத்திவிட்டேன். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டேன். உன்னிடம் பொய் சொல்லி வாங்கின யோசனையில் பிடித்த மீன். பாதி தூரம் வரை அழுதுகொண்டே திரும்பினேன், உண்மையாகச் சொல்கிறேன்.

தூண்டிலில் கோக்கப் பொடிமீன் வாங்க மிஸ் ஓப்பல் கடைக்குப் போனால் விடமாட்டேன் என்கிறாள்.

"ஏன்டா, கல்லறைக்குப் பின்னாடி எறக்குறியாமே? செத்தவங்க சிரிக்க மாட்டாங்கன்னா?"

"அங்க கூட்டம் இல்ல, மிஸ் ஓப்பல்."

"அங்க தான்டா ஊர்ல பாதிப் பேரு இருக்காங்க. சரி, ஹாய்ட்டுக்கு எழுதிட்டியா?"

"எழுதிட்டே இருக்கேன்."

"எழுதினா பத்தாதுடா ராசா. தபால்பெட்டியில போடணும்."

பொடிமீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டெல்மர்


ஜனவரி 23

டேய் தம்பி,

நீ ஜனவரியில் ஒரு கடிதமும் போடவில்லையே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே? வெர்னா சுகமா?

உன் கயாக் நண்பர் என்ன ஆனார்? நான் இங்கே ராத்திரி பகலாக அவருடைய ஓடத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே. வலை எடுக்க அவர் திரும்பினால் கவிழ்ந்துவிடுவார். நீளக் கைப்பிடி வலையாக வாங்கி வலது தொடையோரம் படுக்கவைக்கச் சொல். நங்கூரத்தை நடுவில் கட்டினால் காற்று குறுக்கே அடித்துக் கவிழ்த்துவிடும், முனையில்தான் கட்டவேண்டும். பக்கவாட்டில் ஒரு கயிறும் இரண்டு கப்பியும் ஓடவிட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்தே நங்கூர வளையத்தை முனைக்குத் தள்ளலாம். பின்தாளில் படம் வரைந்திருக்கிறேன். பார்க்கப்போனால் அது ஒன்றும் அவ்வளவு மோசமான வண்டி இல்லை.

ஆனால் நம் படகு நம் படகுதான். உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பயல் வந்து உரசும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு படகுக்குள் ஏறிவிடுகிறேன். மூக்கிலிருந்து ஆரம்பித்து இருக்கை, தாங்கி, மீன் தொட்டி, மோட்டார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவேன். கடைசியில் சிவப்பு நூலைத் தொடும்போது அவன் பேசி முடித்துப் போயிருப்பான். அந்தப் படகு அங்கே இருக்கிறவரைக்கும் என் கை பையை விட்டு வெளியே வராது.

ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன்.

அண்ணன் ஹாய்ட்


பைன் ரிட்ஜ்
பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்களுக்குச் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

படம் கிடைத்தது. நண்பர் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். கப்பி நன்றாக ஓடுகிறதாம். உன்னைப் போன்ற ஒருவரைப் பார்த்ததில்லை என்றார்.

போட்டோ இப்போது எடுக்க முடியவில்லை. விடாமல் மழை. படகு தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. ஃப்ரீசர் முக்கால்வாசி நிறைந்துவிட்டது.

உன் தம்பி,
டெல்மர்


பிப்ரவரி 15

டேய் தம்பி,

சுகம். உன் கடிதம் நான்கே வரி. மழை பெய்தால் பேனாவும் நனைந்துவிடுமா?

மழை விட்டதும் தார்ப்பாயை விலக்கி ஒரு போட்டோ எடு. ஐந்து நிமிஷ வேலை. நான் வேறு யாரிடம் கேட்பேன்? என் வாழ்க்கையில் எல்லாரும் ஏதாவது ஒரு சமயத்தில் எனக்கு டிமிக்கி கொடுத்திருக்கிறார்கள், வக்கீலையும் சேர்த்து. பொய் சொல்லாத ஒரே ஜீவன் நீதான். சின்ன வயதில் பொய் சொல்ல முயற்சி செய்தால் உனக்கு விக்கல் வரும், ஞாபகம் இருக்கிறதா?

அண்ணன் ஹாய்ட்


(டேஷ்போர்டு பெட்டியில்)

பைன் ரிட்ஜ்
பிப்ரவரி 27

அண்ணா,

தார்ப்பாயை விலக்கி ஒரு போட்டோ எடுத்தேன். கிழிந்த பக்கம் தெரியாமல், மூக்கு மட்டும் விழுகிற மாதிரி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உறையில் போட்டு வெர்னாவிடம் கொடுத்து, டவுனுக்குப் போகும்போது தபாலில் சேர்க்கச் சொன்னேன். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டாள்.

"நான் வாய மூடுன்னு சொன்னேன். ஏமாத்துன்னு சொல்லல. இத என் கையால போட மாட்டேன்."

"அப்ப என்ன செய்யச் சொல்ற? அவன் அந்தப் படக நெனச்சுத்தான் கைய அடக்கிக்கிட்டு இருக்கான்."

"இல்லாத படகு அவரு கைய எத்தன நாளு புடிச்சுக்கும்? வந்து எறங்குன அன்னிக்கு, உன் மூஞ்சிக்கு நேரா விட்டுடும்."

எனக்கு அந்தக் குத்துகூடப் பெரிதாகத் தெரியவில்லை. வாசலில் வந்து இறங்கி, நேராகப் பின்பக்கம் நடந்துபோய், தார்ப்பாயை நீ தூக்குவாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்து, அதையா பார்ப்பாய்?

எழுத உட்கார்ந்தேன். தாள் தாளாகக் கிழித்தேன். கடைசியில் அடைப்பானை எடுத்து, சிவப்பு நூலோடு ஒரு உறையில் போட்டு ஒட்டினேன். அதைப் பார்த்தால் உனக்கு வேறொன்றும் சொல்லவேண்டியதில்லை.

"கடுதாசி எங்க?" என்றாள் வெர்னா.

"இதான் கடுதாசி."

நானே நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். உன் ஏப்ரலை நான் கெடுக்கிறேனா, தெரியவில்லை. கர்த்தரே, அவன் கை பையிலேயே இருக்கட்டும்.

டெல்மர்


பைன் ரிட்ஜ்
மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சுகம் தெரியாமல் இங்கே சாப்பாடு இறங்கவில்லை.

அடைப்பான் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. உறையில் ஒரு வரிகூட இல்லை. நீ அதைத் தொடக்கூட விரும்பவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் உன்னிடமிருந்து கடிதமும் இல்லை. தினமும் தபால்காரர் வண்டிக்காக வேலியோரம் நிற்கிறேன். அவர் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார்.

முழுவதும் எழுதிவிடுகிறேன். அக்டோபரிலேயே முழுகிவிட்டது. அடைப்பான் என் சட்டைப் பையில் இருந்தது. கயாக் வாங்கின நண்பர் என்று யாரும் கிடையாது. படகுத்துறையில் முகம் காட்ட வெட்கப்பட்டுக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் இறக்குகிறேன். ஃப்ரீசர் நிறைந்துவிட்டது, அது மட்டும் பொய்யில்லை. எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தபடி பிடித்தது.

திட்டி ஒரு கடிதம் போடு. நீ அங்கே யாரையும் அடிக்கவில்லை என்று மட்டும் எழுது. அது போதும் எனக்கு.

டெல்மர்


ஏப்ரல் 3

டேய்,

சுகம்தான். யாரையும் அடிக்கவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

அடைப்பானை நான் திருப்பி அனுப்பவில்லை. என் கண்ணிலேயே காட்டவில்லை. இரும்பு, பித்தளை எதையும் உள்ளே விடமாட்டார்கள். இங்கே தபால் பிரிக்கிற காவலர் பாக்ஸ்டர் ஒரு கிராப்பி பைத்தியம். ஒரு நாள் பட்டறைப் பக்கம் வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இங்கே யாரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"ஸ்டெகால், உனக்கு ஒரு உறை வந்துச்சு. உள்ள விட முடியாது, திருப்பிட்டேன்."

"என்ன சார் இருந்துச்சு?"

அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். "படகு அடைப்பான்." அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "மனசத் தேத்திக்கப்பா. நல்ல படகா?"

சாவு வீட்டில் கேட்கிற மாதிரி கேட்டார். "நல்ல படகு சார்" என்றேன். அதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மிதக்கிற வளையம், சத்தமே போடாத மோட்டார், நன்றி சொல்லச் சொன்ன நண்பர். அடேய், அந்த உருப்படாத நண்பனுக்காக ராத்திரியெல்லாம் விழித்து நங்கூரக் கயிறு படம் வரைந்தேனேடா!

அந்த நிமிஷம் நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுத மாட்டேன். பாக்ஸ்டர் படிப்பார். இத்தனை நாள் எழுதாததற்கும் அதுதான் காரணம். பேனாவை எடுத்தால் கெட்ட வார்த்தையாகவே வந்தது.

அன்று மதியச் சாப்பாட்டில் அந்தப் பயல் வந்தான். என் தட்டிலிருந்த சோளரொட்டியை எடுத்துக்கொண்டு சிரித்தான். நான் கண்ணை மூடினேன். ஏறிப்போக அங்கே படகு இல்லை. சரி, இன்றைக்கு விழப்போகிறது குத்து, ஏப்ரல் போச்சு என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் கை இரண்டும் பையிலேயே இருக்கிறது, டெல்மர். படகு போயும் அது அங்கேயே இருக்கிறது. "இன்னொண்ணும் இருக்கு, எடுத்துக்க" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, எடுத்ததையும் வைத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் என் பக்கமே வருவதில்லை.

நீ ஒரு ஓட்டையை அடைக்க மறந்தாய். நான் ஒரு மனிதனின் கண்ணைக் கெடுத்தேன். படகுக்காக உன்னைத் திட்ட எனக்கு எந்த வாய் இருக்கிறது? பொய் சொன்னதற்குத் திட்டுவேன், நேரில். உனக்கு விக்கல் வந்ததா இல்லையா என்று வெர்னாவைக் கேட்பேன்.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை விடுகிறார்கள். ட்ரக்கின் மேல் உன் கயாக்கைக் கட்டிக்கொண்டு வா. எனக்கு ஒன்று மிஸ் ஓப்பலிடம் இரவல் வாங்கு. மறுநாள் சனிக்கிழமை, பெரிய படகுத்துறையில் கூட்டம் ஜேஜே என்று இருக்கும்போது நாம் இரண்டு பேரும் இறக்குகிறோம். கல்லறைப் பக்கமெல்லாம் கிடையாது. நான் அடித்த இடம் அதுதான், நீ முகம் காட்ட வெட்கப்பட்ட இடமும் அதுதான். நான் அடித்த ஆளும் அங்கே இருக்கலாம். இருந்தால் முதலில் அவனிடம் போய் நிற்பேன், அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வேன். மற்றவர்கள் நம் இரண்டு பேரையும் ஒரே தடவையாகப் பார்த்துச் சிரித்து முடித்துக்கொள்ளட்டும்.

அண்ணன் ஹாய்ட்

பின்குறிப்பு: கயாக்குக்கும் பின்னால் சின்னதாக ஒரு அடைப்பான் உண்டு. இருக்கிறதா பார்.


பைன் ரிட்ஜ்
ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் கடிதத்துக்கு அப்புறம்தான் சுகம்.

வாசித்துக்கொண்டே எழுந்துபோய்ப் பார்த்தேன். இருக்கிறது. இருந்தாலும் இன்னொரு திருகு திருகி வைத்தேன். மிஸ் ஓப்பலின் கயாக்கிலும் பார்த்துவிட்டேன். அது மஞ்சள் நிறம், ஏரியின் அக்கரையிலிருந்தே தெரியும். "ஹாய்ட்டுக்கா? எடுத்துட்டுப் போ. சனிக்கிழம காலையில நான் கடைய மூடிட்டுக் கரைக்கு வந்துடுவேன், இத விட முடியாது" என்றாள். வெர்னா மீனை உருகவைக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். "விக்கலா? குளிர்காலம் பூரா விக்கல்தான், மூணு பாட்டில் இருமல் மருந்து வாங்கிக் குடுத்தேன்" என்று உனக்கு எழுதச் சொன்னாள்.

உன் பித்தளை அடைப்பானைச் சிவப்பு நூலோடு என் ட்ரக் சாவியில் கட்டியிருக்கிறேன். ட்ரக்குக்கு அடைக்க ஓட்டை ஒன்றும் இல்லை. இருந்தாலும் கட்டியிருக்கிறேன்.

நீ சொன்னபடி உள்ளே வரமாட்டேன். வாசலுக்கு வெளியிலேயே நிற்பேன். நீ ட்ரக்கில் ஏறினதும் முன்னாலிருக்கிற டேஷ்போர்டு பெட்டியைத் திற. உனக்கு எழுதிப் போடாத கடிதங்கள் அதில் இருக்கின்றன. தேதிப்படி அடுக்கி வைத்திருக்கிறேன். வீடு வந்து சேருகிற வரைக்கும் நேரம் இருக்கிறது, நிதானமாகப் படி. படிக்கும்போது என் முகத்தைப் பார்க்காதே, அண்ணா. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

உன் தம்பி,
டெல்மர்